முதுசொமாய் வந்த மோட்டார் வண்டி

முதுசொம் என்னுஞ் சொல்லை இக்கால மாணவர் பலர் கேட்டிரார். காணி உறுதி எழுதும் நொத்தாரிசுமாரும் வழக்கறிஞருமே அதனை இன்று பெரிதும் வழங்குகின்றனர். யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒருவருடைய ஆதனத்தை மூன்றாகப் பகுக்கின்றது. முன்னோர்வழி வருவது முதுசொம். மணமகளுக்குப் பெற்றோர் அளிப்பது சீதனம். கணவனும் மனைவியும் இல்லறத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில், இவ்வழமைகள் தொகுத்து எழுதப்பெற்றன. அக்காலத்து முதுசொம் என்றால் வயல், தோட்டம், பனங்காணி, வீடு, நகை என்பனவே மக்கள் மனத்தில் தோன்றியிருக்கும்.

இப்பொருள்கட்கெல்லாம் பொதுவானதோர் இயல்பு உண்டு. நிலம் தேயாது. பொன் துருப்பிடிக்காது. இவற்றைப் பெற்றுக்கொள்பவன் அவற்றைப் பற்றி அதிகம் அறிந்திருக்க வேண்டுவதில்லை, பெற்றுக்கொண்டாலே போதும். ஆனால் ஓர் இயந்திரம் அத்தகையதன்று. அஃது ஓடினால் தேயும். ஓடாது நின்றால் துருவேறும். அத்தகைய பொருளொன்று தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேர்த்திக்கும் செல்ல இயலுமா? செல்லுமாயின், உண்மையிற் செல்வது யாது? இவ்வினாவை எனக்குள் எழுப்பியது இங்கிலாந்தில் யான் கண்ட மோட்டார் வண்டி ஒன்று. "பிறேசர் நாஷ்" என்பது அதன் பெயர். 1932ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. தமிழ்ப் பண்டிதனுக்கு மோட்டார் வண்டியில் என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். கட்டுரையை இறுதிவரை வாசித்தபின் அவ்வினாவுக்கு விடையை அவர்களே கூறுவார்கள் என நம்புகின்றேன்.

குதிரைலாயத்திற் பிறந்த கொள்கை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனிலிருந்த பின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் இரு மாணவர் நண்பராயினர். ஒருவர் ஆர்ச்சிபால்ட் பிறேசர் நாஷ், மற்றவர் எச். ஆர். கொட்பிறே. மோட்டார் வண்டி அக்காலத்திற் செல்வர் வீட்டுப் பொருள். கைப்பொருள் குறைந்த இளைஞரும் வாங்கத்தக்க எளிய வண்டியொன்றைச் செய்ய வேண்டும் என்பது இவ்விருவரின் விருப்பம். 1910ஆம் ஆண்டில், ஹென்டன் என்னும் ஊரில் நாஷின் தாயார் வாழ்ந்த இல்லத்துக் குதிரைலாயத்தில் வேலை தொடங்கியது. இருவர் பெயரின் முதலெழுத்துக்களும் இணைந்து "ஜீ. என்." என வண்டிக்குப் பெயராயின.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்வண்டிக்கு நல்ல வரவேற்பு இருந்தது. வொண்ட்ஸ்வேர்த்திற் பெரிய தொழிற்சாலை எழுந்தது. பிரான்சு நாட்டிற் சல்ம்சன் என்னும் நிறுவனம் உரிமை பெற்று அங்கும் இதனைச் செய்தது. நாஷ் தாமே பந்தயங்களில் வண்டி செலுத்துபவர். தமது பந்தய வண்டிகளுக்குக் "கிம்" எனவும் "மௌக்லி" எனவும் பெயரிட்டார். அவை கிப்ளிங்கின் கதைகளில் வரும் சிறுவர் பெயர்கள் என்பதை ஆங்கில இலக்கியங் கற்ற மாணவர் அறிவர்.

1922ஆம் ஆண்டில் ஓஸ்ரின் நிறுவனம் "ஓஸ்ரின் செவன்" என்னும் சிறிய காரை வெளியிட்டது. பெரிய காரின் வசதிகள் யாவும் சிறிய விலையிற் கிடைத்தன. எளிய வண்டிகளின் காலம் அத்துடன் முடிந்தது எனலாம். அதே ஆண்டில் நாஷ் பழைய நிறுவனத்தை விட்டு விலகினார். பின்னர் கிங்ஸ்டன் நகரில் தம் பெயரிலேயே வண்டி செய்யத் தொடங்கினார். மலிவுப் போட்டியில் ஓஸ்ரினை வெல்ல இயலாது என்பதை அவர் கண்டுகொண்டார். ஆகவே விரைவையும் செலுத்துங் களிப்பையும் நாடுவோருக்கெனவே அவர்தம் புதிய வண்டி அமைந்தது.

நாஷ் சிறந்த பொறியியலறிஞர், வணிகர் அல்லர். 1929ஆம் ஆண்டில் நிறுவனம் எச். ஜே. ஓல்டிங்டன் என்பவர் கைக்கு மாறியது. அவர் தம் சகோதரர் இருவருடன் சேர்ந்து, ஐசில்வேர்த் என்னும் இடத்திலிருந்து அதனை நடத்தினார். வாங்குபவர் கேட்டவாறு ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே செய்யப்பட்டது. இன்ன இயந்திரம், இன்ன உடல், இன்ன இருக்கை எனக் கேட்போர் விருப்பம் வேறுபட்டமையால், ஒன்றைப்போல் மற்றொன்று முற்றிலும் அமைந்தது அரிது. 1924ஆம் ஆண்டு முதல் 1939ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட சங்கிலி வண்டிகள் யாவற்றையும் எண்ணினாலும் நானூற்றுக்கு மேற்படா. 1925ஆம் ஆண்டில் ஒக்ஸ்பேட்டிலிருந்த மொறிஸ் நிறுவனம் 50,000க்கு மேற்பட்ட கார்களை வெளியிட்டது. கிழமைக்கு ஏறக்குறைய ஆயிரம் என்பது கணக்கு. நாஷின் தொழிற்சாலை பதினைந்து ஆண்டுகளிற் செய்ததை மொறிஸ் அரைக்கிழமையிற் செய்து முடித்தது!

நான்கு சங்கிலிகள்

சங்கிலி வண்டி என்றேன். அதனை விளக்குதல் வேண்டும். சாதாரணக் காரில், இயந்திரத்தின் வலு கியர்ப்பெட்டி என்னும் இரும்புப் பெட்டிக்குட் சென்று, ஒன்றோடொன்று பொருதும் பற்சக்கரங்கள் வழியாகப் பின்னச்சை அடைகின்றது. நாஷும் கொட்பிறேயும் அப்பெட்டியை விலக்கினர். அவர்தம் வண்டியில், இயந்திரத்திலிருந்து வரும் தண்டு, பின்னச்சுக்கு முன்னே குறுக்காகக் கிடக்கும் மற்றொரு தண்டைச் சுழற்றும். அக்குறுக்குத் தண்டில், சிறிதும் பெரிதுமாகப் பல்லுச் சக்கரங்கள் வரிசையாக உள. ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு சங்கிலி பின்னச்சுக்குச் செல்லும். துவிச்சக்கர வண்டியின் சங்கிலியை நேயர்கள் நினைத்துக்கொள்க. அத்தகைய சங்கிலிகள் நான்கு பக்கத்துக்குப் பக்கம் ஓடுகின்றன எனக் கொண்டால் போதும்.

வண்டி நகரும்போது நான்கு சங்கிலிகளும் சுழன்றுகொண்டே இருக்கும். ஆயின் ஒன்றே வேலை செய்யும். ஓட்டுபவர் கோலை அசைத்ததும், கவ்வி ஒன்று அக்கணத்தில் வேண்டிய பல்லுச் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். ஏனையவை வெறுமனே உருளும். இதனாற் கியர் மாற்றுவது கண்ணிமைப்பொழுதில் நிகழும். மலையேற்றப் போட்டிக்குச் செல்பவர், ஒரு சக்கரத்தைக் கழற்றி வேறொன்றைப் பூட்டித் தமக்கு வேண்டிய வேகவிகிதத்தைத் தாமே அமைத்துக்கொள்ளலாம்.

இவ்வமைப்பிற் குறையும் உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தினும் கூடிய தூரம் ஓடவேண்டும். இதற்கென ஏனைய கார்களில் டிபரென்சல் என்னும் உறுப்பு உண்டு. நாஷின் வண்டியில் அஃது இல்லை. பின்னச்சு ஒரே திண்மையான தண்டு. இரு சக்கரங்களும் ஒருங்கே சுழன்றாக வேண்டும். அவற்றிடையேயுள்ள அகலத்தைக் குறைத்தே இக்குறையை ஓரளவு தணித்தனர். ஆகவே வளைவிற் பின்பகுதி வழுக்கிச் செல்லும். பழகாதவர் அஞ்சுவர்; பழகியவர் அவ்வழுக்கலையே துணையாகக் கொண்டு வளைவைக் கடப்பர். சங்கிலிகளோ சேற்றுக்கும் மழைக்கும் திறந்து கிடப்பவை. அவற்றுக்கு ஓயாது எண்ணெயிடவேண்டும், தளர்ந்தால் இறுக்கவேண்டும், தேய்ந்தால் மாற்றவேண்டும். கைத்தொண்டு செய்யாதவருக்கு இவ்வண்டி பணியாது.

1934ஆம் ஆண்டில், அல்ப்ஸ் மலைப் பாதைகளில் நடந்த போட்டியில் ஜேர்மனியின் பி. எம். டபிள்யூ. கார்களின் திறத்தை ஓல்டிங்டன் நேரிற் கண்டார். அவற்றைப் பிரித்தானியாவுக்குக் கொணர்ந்து விற்கும் உரிமையைப் பெற்றார். அதன்பின் சங்கிலி வண்டி கேட்போர் அருகினர். நாஷ் வேறொரு துறைக்குச் சென்றுவிட்டார். அவரும் கிராட்டன் தொம்சன் என்பவரும் சேர்ந்து, போர் விமானங்களுக்கு வேண்டிய, எண்ணெயழுத்தத்தாற் சுழலும் சுடுகோபுரங்களை ஆக்கினர். வெலிங்டன், லங்காஸ்டர் முதலிய குண்டுவீச்சு விமானங்களில் அவை பொருத்தப்பட்டன. களிப்புக்கு வண்டி செய்த கை, காலத்தின் கொடுமையால் அழிவுக்குக் கருவி செய்தது. நாஷ் 1965ஆம் ஆண்டில் மறைந்தார்.

வரியும் போரும்

இத்தகைய வண்டியின் வயிற்றிலிருந்த இயந்திரத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பிரித்தானிய அரசு 1921ஆம் ஆண்டு முதல் கார்களுக்குக் குதிரைவலுவின்படி வரி விதித்தது. ஒரு குதிரைவலுவுக்கு ஒரு பவுண். 1935இல் அது பதினைந்து சிலிங்காகக் குறைந்தது. வேடிக்கை யாதெனில், அக்குதிரைவலுவை அளந்தறியவில்லை. உருளையின் வாயகலத்தையும் உருளைகளின் தொகையையுங் கொண்டு கணக்கிட்டனர். உருளை எத்துணை ஆழமாயினும் வரி ஏறாது. ஆகவே பொறியியலாளர் வாய் குறுகி ஆழம் மிக்க உருளைகளைச் செய்தனர். எங்களூர்க் கிணறு வெட்டுவோருக்கு வாயகலத்துக்கு மாத்திரம் கூலி கொடுப்போமாயின் கிணறுகள் எவ்வாறு அமையும் என்பதை எண்ணிப் பார்க்க. பிறேசர் நாஷ் வண்டிகள் பலவற்றிற் பூட்டப்பட்ட மெடோஸ் இயந்திரத்தின் உருளைவாய் 69 மில்லிமீற்றர். முசலம் ஓடும் நீளம் 100 மில்லிமீற்றர். நான்கு உருளைகளின் கொள்ளளவு 1,496 கன சென்ரிமீற்றர். வரிக்கணக்கில் அது பன்னிரண்டு குதிரைவலுவளவே.

1939இற் போர் மூண்டதும் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 யூலையிற் சொந்தப் பாவனைக்கான பங்கு முற்றாக நிறுத்தப்பட்டது. 1945 யூன் மாதத்திலேயே மீண்டது. பங்கீடு முற்றாக ஒழிந்தது 1950இல். அந்த ஆண்டுகளிற் பல்லாயிரங் கார்கள் கொட்டில்களிற் செங்கல்மேல் ஏற்றி வைக்கப்பட்டுக் கிடந்தன. எமது நேயர்க்கு இது புதிய செய்தியன்று. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சிறிதளவு பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய ஓஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள்தாம் யாழ்ப்பாணத்து நோயாளரை வைத்தியசாலைக்கும், மணமக்களைக் கோயிலுக்குங் கொண்டுசென்றன. அவற்றின் இயந்திரத் தொனியைக் கேட்டே நோய் கூறவல்ல முதியோர் எங்களிடையே இருந்தனர். அவர்கள் எழுதி வைத்தது ஒன்றும் இல்லை.

மூவர் கையெழுத்து

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று இங்கிலாந்து சென்றிருந்தேன். அவர் சறே என்னும் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர், பொறியியலாளர். ஒருநாள் மாலை, "ஐயாவுக்கு ஏடு பார்க்கிறதெண்டால் விருப்பம். பக்கத்து வீட்டிலை ஓர் ஏடு இருக்குது, வாருங்கோ" என்று அழைத்துச் சென்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் எண்பத்திரண்டு வயது முதியவர். பூமிசாத்திரங் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் அவ்வண்டி நின்றது. நீண்ட மூக்கு; தாழ்ந்த இருக்கை; கதவு எனச் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. கியர்க் கோல் உடலுக்கு வெளியே வலப்புறத்தில் இருந்தது. அருகிற் சுவரோரப் பலகையில் தடித்த குறிப்பேடு ஒன்று. அதனையே என் மாணவர் ஏடு என்றார்.

வண்டியை வாங்கியவர் முதியவரின் தந்தையார். 1936இல், இருபத்துநான்கு வயதில், நான்காண்டு ஓடிய வண்டியை வாங்கினார். வாங்கிய நாள்தொட்டு அவர் செய்த ஒவ்வொரு வேலையும் அக்குறிப்பேட்டில் உள்ளது. எந்நாளில் எந்தச் சங்கிலிக்கு எண்ணெய் இட்டது, எப்போது மாற்றியது, எந்த ஆணி தளர்வது என யாவும் நுண்ணிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. ஏடு பரிசோதிப்பவன் முதலிற் கவனிப்பது எழுதியவர் எத்தனை பேர் என்பதையே. நான் பக்கங்களைப் புரட்டியபோது 1942ஆம் ஆண்டில் எழுத்து மாறியது. சாய்ந்த, பெரிய எழுத்து. மூன்று ஆண்டுகள் அவ்வெழுத்தே தொடர்ந்தது. பின்னர் பழைய எழுத்து மீண்டது. 1981க்குப் பின் மூன்றாவது எழுத்து, அது முதியவருடையது.

"நடுவில் உள்ளது யார் கை?" என வினவினேன்.

"என் தாயார்" என்றார். தந்தையார் விமானப்படையிற் சேர்ந்து, குண்டுவீச்சு விமானத் தளமொன்றிற் சுடுகோபுரங்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருந்தார். அக்கோபுரங்களை ஆக்கியவரே வீட்டிலிருந்த வண்டிக்கும் மூலவர் என்பதைக் கடிதமொன்றில் மனைவிக்கு எழுதியிருந்தாராம். வண்டி செங்கல்மேல் நின்றது. நெடுநாள் அசையாத இயந்திரத்தில், முசல வளையங்கள் உருளைச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். அதனைத் தடுக்க, ஞாயிறுதோறும் உருளைகளிற் சிறிது எண்ணெய் விட்டு, முன்புறக் கைபிடியை அவ்வம்மையார் சுழற்றினார். அவர்தம் குறிப்புக்கள் மிகச் சுருக்கமானவை. "ஞாயிறு. இருபது முறை சுழற்றினேன். குழந்தைக்கு இருமல்." அடுத்த கிழமை: "ஞாயிறு. இருபது முறை. கடிதம் வரவில்லை." அதற்கடுத்து: "இருபது முறை. கடிதம் வந்தது."

அப்பக்கங்களை விட்டு என் கண் நெடுநேரம் அகலவில்லை. இருமிய குழந்தை என் எதிரே எண்பத்திரண்டு வயதில் நின்றது. போர்க்காலத்துத் துயரைப் பாடிய புலவர் பலரை யான் கற்பித்திருக்கின்றேன். அவ்வம்மையார் தம்மைப் புலவரென நினைத்திரார். இயந்திரத்துக்குக் கணக்கெழுதுவதாகவே நினைத்தார்.

தந்தையின் குறிப்பொன்று முதியவருக்கு மனப்பாடம். இரண்டாம் சங்கிலி ஈரத்திற் பாடும். பாட்டு மாறினால் உடனே நிறுத்துக என்பது அதன் கருத்து. "எந்தப் பாட்டு, எப்படி மாறும் என்று எழுத இயலாது. தந்தையாரின் பக்கத்தில் இருந்து கேட்டே அறிந்துகொண்டேன்" என்றார் முதியவர்.

போருக்குப் பின்னான ஆண்டுகளில் இவ்வகை வண்டிகளை விரும்புவார் குறைந்தனர். சங்கிலியும் எண்ணெயும் பழங்காலத்தவை எனப் பலர் எள்ளினர். சில வண்டிகள் உறுப்புறுப்பாகப் பிரிந்து போயின. எனினும் இவற்றைப் பேணுவோர் கூட்டமும் ஒன்று இருந்தது. 1934ஆம் ஆண்டிலேயே விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கழகம் தோன்றியிருந்தது. பிறேசர் நாஷ் உரிமையாளர் தம்மைச் "சங்கிலிக் கூட்டம்" என விளையாட்டாக அழைத்துக்கொண்டனர். ஷெல்ஸ்லி வோல்ஷ் என்னும் மலைப்பாதையில் 1905ஆம் ஆண்டு முதல் ஏற்றப் போட்டி நடைபெறுகின்றது. அவ்வேற்றத்தில் இவ்வண்டிகள் இன்றும் ஏறுகின்றன.

பங்கிட முடியாத பொருள்

இனி இக்குடும்பத்துச் சிக்கலைக் கூறுவேன். பெயரும் ஊரும் கூறாது எழுத முதியவர் இசைந்தார்.

அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும் உளர். ஒரு காலத்தில் எள்ளப்பட்ட வண்டிக்கு, 150,000 பவுண் வரை கிடைக்கும் என ஏல நிலையத்தார் மதிப்பிட்டிருந்தனர். இங்கிலாந்துச் சட்டப்படி, காரை விற்று ஈட்டும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் இறந்தவரின் ஆதனம் 325,000 பவுண் என்னும் வரம்பைக் கடப்பின், மிகுதிக்கு நூற்றுக்கு 40 வீதம் வரி உண்டு. 2009ஆம் ஆண்டு முதல் அவ்வரம்பு மாறவில்லை. குடியிருந்த வீடு பிள்ளைகளுக்குச் செல்லுமாயின் வேறொரு சலுகையும் உண்டு. எனினும் சறே மாகாணத்து வீட்டின் விலையோடு இவ்வண்டியின் விலையுஞ் சேர்ந்தால் வரி வந்தே தீரும். காணியாயின் எல்லை போட்டுப் பிரிக்கலாம். நகையாயின் நிறுத்துப் பிரிக்கலாம். வண்டியை எவ்வாறு பிரிப்பது?

மகன் அன்று வீட்டுக்கு வந்திருந்தார். விற்றுவிட வேண்டும் என்பதே அவர் கருத்து. அவரைப் பொருளாசை கொண்டவர் என்று யான் முதலில் எண்ணினேன். பேசியபின் அவ்வெண்ணம் நீங்கிற்று. அவர் கூறியது இது: "அப்பா வண்டியை நன்றாகக் காப்பாற்றினார். என்னிடமிருந்துங் காப்பாற்றினார். பத்து வயதில் ஒரு சங்கிலியைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டார். பிறகு நான் கொட்டிலுக்குள் வரவில்லை. எனக்கு ஒன்றுந் தெரியாத பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? அது என் கையிற் பழுதாகும். தெரிந்தவன் வாங்கட்டும்."

முதியவர் ஒன்றும் மறுத்துரைக்கவில்லை. குறிப்பேட்டை மூடித் துணியாற் துடைத்தார்.

எனக்கு எங்கள் நாட்டு ஏடுகளின் வரலாறு நினைவுக்கு வந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் உ. வே. சாமிநாதையரவர்களும் பழந்தமிழ் ஏடுகளைத் தேடி ஊரூராக முயன்ற காலத்தில், பெட்டியிற் பூட்டி வைத்து ஒருவர்க்குங் காட்டாத வீடுகளும் இருந்தன. அவ்வீட்டார் ஏட்டை மதியாதவர் அல்லர், மிகுதியாக மதித்தவர். பூசையறையில் வைத்து வணங்கியும் வந்தனர். பிறர் கைபடாது காத்த ஏட்டைச் செல்லு அரித்தது. படியெடுத்துப் பிறர் கையிற் கொடுக்கப்பட்ட ஏடோ இன்றும் பாடசாலையில் ஒலிக்கின்றது.

இவ்வண்டியின் இரும்பு இன்னும் நூறாண்டு நிற்கும். தேய்ந்த உறுப்புக்களைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். எரிபொருளுங்கூட மாறிக்கொண்டே இருக்கின்றது. ஈயங் கலந்த பெற்றோலின் பொது விற்பனை பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டுடன் நின்றது. 2021ஆம் ஆண்டு முதல் நூற்றுக்குப் பத்து வரை எதனோல் கலந்த பெற்றோலே அங்குச் சாதாரண வகையாயிற்று. அதற்கேற்ப இறப்பர்க் குழாய்களை மாற்றியுள்ளதாகக் குறிப்பேட்டில் முதியவர் எழுதியிருந்தார். இவை யாவற்றுக்கும் வழியுண்டு. இரண்டாம் சங்கிலியின் பாட்டுக்கு மாத்திரம் வழியில்லை. அஃது ஒரு செவியிலிருந்து மற்றொரு செவிக்கே செல்லவேண்டும். அச்செவியோ எண்பத்திரண்டு ஆண்டு மூத்தது.

நாங்கள் விடைபெறும் வேளையில், மகனுடைய மகள், பத்தொன்பது வயதுப் பெண், கொட்டில் வாயிலில் நின்றாள். "பாட்டனார் இதனை எடுத்துச் செல்லும்போது நானும் ஏறலாமா?" என்று கேட்டாள். அவள் இதற்கு முன்னும் பலமுறை கேட்டதுண்டு என்பது அவளுடைய குரலிலிருந்தே விளங்கிற்று. முதியவர் தம் மகனைப் பார்த்தார். மகன் நிலத்தைப் பார்த்தார். அதற்குமேல் அங்கு நிற்பது முறையன்று என உணர்ந்து வெளியே வந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு என் மாணவர் எழுதிய கடிதத்தில் அவர்களைப் பற்றியும் சில வரிகள் இருந்தன. விற்பனை கைவிடப்படவில்லை, இரண்டு ஆண்டுத் தவணை கொடுக்கப்பட்டிருக்கின்றது. முதியவரின் கை நடுங்குகின்றது. அவர் இப்போது சாவியைப் பிடிப்பதில்லை. கொட்டிலில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். சனிக்கிழமைகளிற் பேர்த்தி வந்து வண்டியின் கீழ்ப் படுத்துச் சங்கிலிகளுக்கு எண்ணெயிடுவாள். அவர் சொல்லச் சொல்ல அவளே குறிப்பேட்டில் எழுதுகின்றாள். அவளுடைய தகப்பனார் சிலவேளை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம்.

தவணை முடிந்ததும் அவ்வண்டி எவர் கைக்குச் செல்லும் என்பதை யான் கூறவியலாது. மகனின் கடனும் பிள்ளைகளின் கல்வியும் விளையாட்டல்ல. விற்கவேண்டி நேரின் அதிற் பழியில்லை. விற்றாலும், அப்பெண்ணின் செவியில் ஏறிய பாட்டு அவளிடமே இருக்கும். வாங்கியவர்க்கு அதனைக் கற்பிக்கவுங் கூடும். முதுசொம் என்னுஞ் சொல்லுக்குத் தேசவழமை கூறும் பொருளோடு இதனையும் சேர்த்து எண்ணலாம் என்பதே என் துணிபு: பொருள் பிறர் கைக்குப் போனாலும் போகாதது எதுவோ, அதுவும் முன்னோர் வைத்த சொத்தே.

ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க. தாத்தாவின் தறியோ, பாட்டியின் பாக்குவெட்டியோ, தந்தையின் பழைய காரோ ஏதேனும் ஒன்று மூலையிற் கிடக்கும். அதன் விலையைப் பிறகு விசாரிக்கலாம். அதனைக் கையாளத் தெரிந்தவர் இன்னும் இருப்பாராயின், இந்தச் சனிக்கிழமையே அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, எழுதுகோலுடன் பக்கத்தில் அமர்க.